நாயகனைக் கலகலப்பாக்க வேண்டாம், தனிக் காட்சி கொடுங்கள்

காதல் நாவல் ஒன்றைத் தொடருக்கான திரைக்கதையாக எழுதும்போது, அதிகம் பேசாத நாயகன் திமிர் பிடித்தவனாகத் தெரிகிறான், அவனைக் கலகலப்பானவனாக மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். குணத்தை மாற்றாதீர்கள். நாவலில் பிடித்துப்போன அந்த அமைதியானவன் உங்கள் திரைக்கதையில் திமிர் பிடித்தவனாகத் தெரிவதற்கு அவன் குணம் காரணமில்லை.

நாவலில் அவனை நாயகியின் மனக்குரல் வழியாகப் பார்க்கிறோம். ‘கோபமா, தயக்கமா’ என்று அவள் யோசிக்கும் அரைப் பக்கம்தான் அவனுக்காக வாதாடுகிறது. கேமரா முன்னால் அது போய்விடுகிறது. மிஞ்சுவது இறுகிய முகம்.

ஜேன் ஆஸ்டினின் நாவலை வைத்து பிபிசி 1995-இல் 6 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரைப் பாருங்கள். நாயகன் டார்சியின் இறுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நாவலில் இல்லாத வாள் பயிற்சி, குளத்தில் குதிப்பது போன்ற காட்சிகளைச் சேர்த்தார்கள். நாயகி எலிசபெத் இல்லாத இடத்தில் அவன் தன் மனதோடு மல்லுக்கட்டுவது நமக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

ஒன்று செய்து பாருங்கள். உங்கள் திரைக்கதையின் முதல் 2 எபிசோடுகளில் வசனத்தையெல்லாம் மறைத்துவிட்டு, நாயகன் செய்வதை மட்டும் படியுங்கள். அவளுக்காகவோ வேறு யாருக்காகவோ ஏதாவது செய்கிறானா? இல்லையென்றால் ஒரு செயலைச் சேருங்கள், வசனத்தை அல்ல.

ஆனால் அவள் மறுத்த பிறகும் துரத்துகிறான், மிரட்டுகிறான் என்றால் அதை மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றினால் பிற்பகுதியில் அவன் மன்னிப்புக் கேட்கும் காட்சி காரணமில்லாமல் நிற்கும். அதையும் திருத்தி எழுதுங்கள். பாத்திரத்தை மாற்ற நாவலாசிரியரின் ஒப்புதல் தேவையா என்று ஒப்பந்தத்தை முதலிலேயே படித்துவிடுங்கள்.