ஹீலியோஸ் 44-2: சுழலும் பின்புலம் தரும் பழைய லென்ஸ் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, ஹீலியோஸில் எடுத்த படங்களில் ஆளைச் சுற்றி இலைகள் சுழல்கின்றன. நான் வாங்கியதில் மட்டும் சுழல் வரவில்லையே?

பதில்: லென்ஸைச் சந்தேகப்படாதீர்கள் தம்பி. சாய்வாக வரும் ஒளியில் கொஞ்சத்தை லென்ஸின் குழாயே மறைத்துவிடும். அதனால் நடுவில் வட்டமாக இருக்கும் ஒளிப்பொட்டுகள் ஓரத்துக்குப் போகப் போகப் பூனைக்கண்போல் ஒடுங்கி, மையத்தைச் சுற்றி வரிசை கட்டும். அதுதான் சுழல். லென்ஸுக்குள் ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து 2-இல் வையுங்கள். ஆள் ஒன்றரை மீட்டரில் நிற்கட்டும். அவருக்குப் பின்னால் ஏழெட்டு மீட்டர் தள்ளி, வெயில் ஊடுருவும் கிளைகள் இருக்கட்டும். வெறும் சுவர் சுழலாது. உங்கள் கேமராவின் சென்சார் சிறியதென்றால் ஓரம் வெட்டுப்பட்டு, சுழலின் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் ஐயா?

பதில்: அப்பர்ச்சரைத் திறந்து, பின்பக்கம் கைப்பேசி விளக்கைப் பிடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைத்த இழைகள் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விலையைப் பார்த்து ஒருமுறை நான் ஏமாந்தேன். சென்னையின் ஒரு மழைக்காலத்திலேயே கண்ணாடி மங்கிவிட்டது. நாலைந்து தூசிகள் இருந்தால் பாதகமில்லை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினாலும் பயம் வேண்டாம். இதில் இதழ்களை நாம்தான் கையால் மூடுகிறோம், நொடியில் மூடும் ஸ்பிரிங் கிடையாது. ஃபோக்கஸ் வளையம் இறுகியிருந்தால்தான் செலவு.

கேள்வி: அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் எதற்கு?

பதில்: ஒன்று டக் டக்கென்று நின்று திரும்பும், அதில் 5.6 என்று வைத்தால் அதுவே எல்லை. மற்றது வழுக்கிக்கொண்டு திரும்பும். அதை முழுக்கத் திறந்து, வெளிச்சமாகப் பார்த்து ஃபோக்கஸ் செய்யுங்கள். பிறகு வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே முட்டும்வரை திருப்பினால் 5.6-இல் நிற்கும்.

கேள்வி: என் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் தொலைவில் உள்ளவை தெளியாது. இந்த எம்42 திருகு லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், நிக்கானில் மாட்டும் இடமே 46.5-இல், அதாவது அதைவிடத் தள்ளி இருக்கிறது. கேனான் ஈஎஃப்-இல் 44 என்பதால் மீதி இடைவெளியை நிரப்ப மெல்லிய அடாப்டர் போதும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லையே இல்லை. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கும் வசதியை மட்டும் இயக்கிவிடுங்கள்.

கேள்வி: தம்பி, இது ஜெர்மன் லென்ஸா, ரஷ்ய லென்ஸா?

பதில்: வடிவமைப்பின் வேர் ஜெர்மனியின் ஜெனாவில், பயோட்டார் லென்ஸில் இருக்கிறது ஐயா. செய்தது சோவியத் நாடு. ஜெனிட் கேமராக்களோடு ஏராளமாக வந்ததால்தான் இன்றும் மலிவு.

கேள்வி: வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் வெளுத்துவிடுகிறது!

பதில்: லென்ஸ் கண்ணாடியின் பழைய பூச்சு அப்படித்தான். வெயிலை மறைக்கும் 49 மில்லிமீட்டர் ஹூட் ஒன்றை முன்பக்கம் திருகிக்கொள்ளுங்கள். மாலை வெயிலில் ஒருமுறை ஹூட்டைக் கழற்றியும் எடுத்துப் பாருங்கள். அந்த வெளுப்பு முகத்தில் பால்போல் படர்வது எனக்கு மிகவும் பிடிக்கும்.