வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்துல நல்லா உள்ள தள்ளி இருக்கோம். மெட்ரோ வேலை நடந்துட்டே இருக்கு, அது வர்ற வரைக்கும் வேளச்சேரி ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோவுக்கே அழவேண்டியிருக்கு. அதிகம் செலவில்லாம இதுக்கு எதுவும் பண்ண முடியாதா? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: தாராளமா பண்ணலாம். புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், ஸ்மால் பஸ்னு ஒண்ணு நம்மகிட்டயே இருக்கு. 2013 அக்டோபர்ல 50 வண்டியோட ஆரம்பிச்சாங்க, 27 சீட், பெரிய பஸ் திரும்ப முடியாத தெருவுக்குள்ள எல்லாம் வரும், ரொம்ப நல்ல யோசனை அது. ஆனா எப்போ வரும்னு தெரியாத பஸ்ஸை நம்பி யாரும் நிக்க மாட்டாங்க இல்லையா, அதனால ரூட்டை சின்னதாக்கணும். ஸ்டேஷன்ல கிளம்பி 3 கிலோமீட்டர் போய்த் திரும்புற ரூட்னா அரை மணியில ஒரு ட்ரிப் முடிஞ்சிடும், ரெண்டே வண்டி இருந்தா 15 நிமிஷத்துக்கு ஒண்ணு விடலாம், அதுவே ஊரைச் சுத்துற நீள ரூட்டா இருந்தா ஏழெட்டு வண்டி வேணும்.

2021ல இருந்து சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்ல, அதுல மிஞ்சுற காசு கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோவுக்குப் போகுதுன்னு நினைக்கும்போது எனக்கு மனசே ஆறல.

பெரிய திட்டம் வரட்டும்னு காத்திருந்தா என்ன ஆகும்னு உங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பறக்கும் ரயில் 2007ல வேளச்சேரி வந்துச்சு, அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர், 2008ல வேலை ஆரம்பிச்சு ஆதம்பாக்கத்துல சுமார் 500 மீட்டர் நில வழக்குல மாட்டி வருஷக்கணக்கா நின்னுடுச்சு. இப்படி ஒரு இடத்துல ரயில் வேலை நிக்குதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அந்த ரெண்டு ஸ்டேஷன் வாசலுக்கும் நடுவுல ரயில் டைமைப் பாத்து பஸ் விட்டுடணும், பாலம் கட்டுற செலவுல அது ஒரு துளி கூட வராது.

கேள்வி: அரை மணி நேரம் பஸ்ஸே வராது, வந்தா ஒரே நம்பர்ல மூணு சேர்ந்து வருது. புது பஸ் வாங்கினாத்தான் இது தீருமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: புது பஸ் வேணும்தான், ஆனா இது அதனால மட்டும் தீராது. முதல் வண்டி சிக்னல்ல கொஞ்சம் லேட்டானா அடுத்த ஸ்டாப்ல ஆள் சேர்ந்துடும், ஏறி இறங்கவே நேரமாகி இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்றவருக்கு ஏத்த ஆளே இல்ல, அதனால சீக்கிரம் வந்து ஒட்டிக்குவாரு. முன்னாடி பஸ்ல படிக்கட்டு வரைக்கும் ஜனம், கண்டக்டர் நகர முடியாம டிக்கெட் காசு கை மாறி கை மாறிப் போகும், அதே நம்பர் பின்னாடி வண்டியில ஜன்னல் சீட் காலியா இருக்கும். வண்டி எங்க இருக்குன்னு காட்டுற ஆப் 2022லயே வந்துடுச்சே, அதே ஜிபிஎஸ் தகவலைப் பாத்து டைம் கீப்பர் பின்னாடி வண்டியை அஞ்சு நிமிஷம் பிடிச்சு அனுப்பினாலே பாதி சரியாகும். பெரிய சிக்னலுக்கு முன்னாடி கடைசி 100 மீட்டராவது பஸ்ஸுக்குன்னு கோடு போட்டு விட்டா இன்னும் நல்லது, முழு ரோட்டையும் கேட்கல.

கேள்வி: மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து டி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு நடைபாலம் கட்டின மாதிரி எங்க ஊர்லயும் கட்டலாமே? (வாசகர், சைதாப்பேட்டை)

பதில்: அது 570 மீட்டர், 2023ல திறந்தாங்க, சுமார் 28 கோடி ஆச்சு. ரங்கநாதன் தெரு கூட்டத்துக்கு அது நியாயம். சைதாப்பேட்டையில ரயில்வே ஸ்டேஷனும் மெட்ரோவும் பேர்தான் ஒண்ணு, நடுவுல நடக்கணும். அதுக்குப் பாலம் வேண்டாம்ங்க, பைக் நிக்காத பிளாட்பாரம், நல்ல வெளிச்சம், எந்தப் பக்கம் திரும்பணும்னு போர்டு, இது மூணும் இருந்தா வயசானவங்க கூட நடந்துடுவாங்க.

கேள்வி: சென்னை ஒன் ஆப் வந்தும், ராத்திரி மெட்ரோல இறங்கினா பஸ் கிடைக்காத கஷ்டம் தீரலையே? (வாசகி, விம்கோ நகர்)

பதில்: 2025 செப்டம்பர்ல வந்த அந்த ஆப்ல பஸ், மெட்ரோ, லோக்கல் ரயில் மூணுக்கும் ஒரே க்யூஆர், நிஜமாவே நல்ல விஷயம். ஆனா டிக்கெட் கையில இருந்தும் பஸ் கிளம்பிப் போயிடுச்சுன்னா என்ன பண்றது? மெட்ரோ ராத்திரி 11 மணி வரைக்கும் இருக்கு, கடைசி ரயில் வந்து பத்து நிமிஷம் கழிச்சுத்தான் கடைசி பஸ் எடுக்கணும், அந்த டைமை ஸ்டேஷன் வாசல்ல பெருசா எழுதியும் வைக்கணும். இதுக்கு ஒரு டைம் ஷீட்டைத் திருத்துறதைத் தவிர வேற செலவே கிடையாது.