தாத்தாவின் சர்வீஸ் புக்கும் சபையின் மினிட்ஸ் புத்தகமும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா பொறையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1926இல் இங்கே, அன்றைய ரங்கூனுக்கு வந்து அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். யுத்தத்தின்போது நடந்தே ஊருக்குப் போனார். 1946இல் திரும்பி வந்து அதே வேலையில் இருந்து 1959இல் ஓய்வு பெற்றார். எங்கள் லுத்தரன் சபையில் நெடுங்காலம் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்தவர். அவரைப் பற்றிச் சிறு புத்தகம் ஒன்று போட வேண்டும் என்று சபையார் சொல்ல, பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவருடைய சர்வீஸ் புக் (அரசுப் பணிப் பதிவேடு), ஊர் நிலத்தின் பத்திரக் கட்டு, சபையின் பழைய மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) புத்தகங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. ஆனால் எழுதினால் அடக்க ஆராதனையில் வாசிக்கும் வாழ்க்கைக் குறிப்பு மாதிரியேதான் வருகிறது. பிறந்த தேதியிலும் குழப்பம். சர்வீஸ் புக்கில் 1.7.1904, ஞானஸ்நானப் பதிவேட்டின் நகலில் 1902 நவம்பர். எதைப் போடுவது? சபையில் நடந்த ஒரு பழைய பிணக்கும் மினிட்ஸில் இருக்கிறது. அதை எழுதலாமா?

தி., யாங்கோன்

அன்புள்ள தம்பி,

முதலில் தேதி. சர்வீஸ் புக்கில் ஜூலை 1 என்று கண்டாலே சற்று நின்று பார்க்க வேண்டும். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு ஜூலை 1 என்று எழுதிக்கொள்வது பிரிட்டிஷ் இந்திய அலுவலகங்களின் விதி. ஆண்டும் மாதமும் தெரிந்து நாள் தெரியாவிட்டால் அந்த மாதத்தின் 16ஆம் தேதி. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்ததால் இங்கும் அதே வழக்கம். ஆகவே வேலையில் சேர்ந்த அன்று தாத்தா ஆண்டை மட்டும் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். அதில் வயது ஏன் இரண்டு குறைந்தது? பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட வயதே கடைசிவரை சான்றிதழாக வந்திருக்கலாம். அரசு வேலைக்கு வயது வரம்பு இருந்ததும் காரணமாகலாம். எது என்று ஒரு தாளாவது சொல்லாதவரை நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த நாளுக்கு ஒரு கட்டமும் ஞானஸ்நான நாளுக்கு ஒரு கட்டமும் உண்டு. உங்கள் நகலில் இருப்பது எது என்று பாருங்கள். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றிருந்தால், பிறந்த கொஞ்ச நாளில் தகப்பனும் தாயும் சொல்ல ஐயர் (போதகர்) எழுதியது அது. அதையே நம்புங்கள். வளர்ந்த பிறகு பெற்றிருந்தால் அதில் உள்ள வயதும் மதிப்புத்தான். புத்தகத்தில் 1902 என்று போட்டு, சர்வீஸ் புக் தேதியையும் காரணத்தையும் ஒரே வரியில் அடிக்குறிப்பாகக் கொடுங்கள். உத்தியோகக் கணக்கு மட்டும் 1904ஐ வைத்தே நடந்திருக்கும். 55 வயதில் ஓய்வு என்ற பழைய விதிப்படி 1959 சரியாக வருகிறது, பாருங்கள்.

இனி, அடக்க ஆராதனைக் குறிப்பு மாதிரி வருகிறது என்ற கவலை. பிறப்பு, உத்தியோகம், நிலபுலம், சபை ஊழியம் என்று பகுதி பிரித்து எழுதினால் அப்படித்தான் வரும். ஒவ்வொரு பகுதியிலும் பதவிப் பெயர்களும் புகழ்ச்சியும்தான் மிஞ்சும். நீளமான நோட்டு ஒன்றை எடுத்து 1902 முதல் அவர் கண்மூடிய ஆண்டு வரை ஆண்டுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து ஒன்றில் சர்வீஸ் புக், ஒன்றில் நிலப் பத்திரம், ஒன்றில் மினிட்ஸ். மூன்றும் நிரம்பியபின் குறுக்கே படித்துப் பாருங்கள். நீங்கள் எழுத வேண்டிய மனிதர் அங்கேதான் தெரிவார்.

சர்வீஸ் புக்கில் எல்லோரும் முதல் பக்கத்தையும் சம்பளத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முதல் பக்கமும் முக்கியம்தான். தகப்பன் பெயர், ஊர், உயரம், அங்க அடையாளம், இடக்கை விரல் ரேகை எல்லாம் அதில் இருக்கும். ஆனால் விடுப்புப் பத்தியை விட்டுவிடாதீர்கள். நிரந்தர வேலையில் இருந்தவர் பதினொரு மாதம் உழைத்தால் ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பு சேரும். ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கப்பலில் மூன்று நான்கு நாள் ஆகும் என்பதால், அதைச் சேர்த்துவைத்து மொத்தமாக எடுத்துத்தான் ஊருக்குப் போவார்கள். அந்த விடுப்புத் தேதியைப் பத்திரத் தேதியோடு ஒத்துப் பாருங்கள். தஞ்சைப் பக்கம் சம்பா அறுவடை தையில். மார்கழி, தையில் விடுப்பு விழுந்திருந்தால் வாரம் (விளைச்சலில் பங்கு) பிரிக்கவும் குத்தகை பேசவும் போயிருக்கலாம். அதே வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் பதிவாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பத்திரத்தில் உள்ள கிரயத் தொகையை அந்த ஆண்டுச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதச் சம்பளம் எத்தனை மா நிலமாயிற்று என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னால், "சிக்கனமாக வாழ்ந்தார்" என்ற வரி தேவைப்படாது.

அளவில் கவனம் வேண்டும். பழைய பத்திரத்தில் குழி, மா, வேலி என்று இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்ற அளவுகள் வந்துவிட்டன, சர்வே எண்களின் உட்பிரிவுகளும் மாறின. பத்திரத்தின் பழைய எண்ணை இன்றைய இணையப் பட்டாவில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தரங்கம்பாடி தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் கேளுங்கள். வில்லங்கச் சான்றும் கிராமம், சர்வே எண் இரண்டையும் வைத்துப் போட்டால்தான் கிடைக்கும். ஐம்பதுகளில் நிலத்து வருமானம் குறைந்ததாகக் குடும்பக் கடிதங்களில் புலம்பல் இருந்தால், உறவினர் ஏமாற்றினார்கள் என்று எழுதிவிட வேண்டாம். 1956 நியாய வாரச் சட்டம் பாசன நிலத்தில் உடையவன் பங்கை விளைச்சலில் நூற்றுக்கு 40 என்று வைத்தது. உழுதவனுக்குக் கிடைத்த நியாயம் அது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரசிதழில் தாத்தாவின் பெயரைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். எழுத்தர் நியமனங்கள் அதில் வருவதில்லை, கெஜட்டட் அதிகாரிகளுக்குத்தான் அந்த இடம். பென்ஷன் ஆணை இருந்தால் அது பெரிய சாட்சி. பிரிட்டிஷ் காலத்து விதிப்படி 25 ஆண்டு முடித்தவருக்குக் கடைசி மூன்று ஆண்டுச் சராசரிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். ஆணையில் உள்ள தொகை அந்தப் பாதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் யுத்த ஆண்டுகளைச் சேவையில் எப்படிச் சேர்த்தார்கள் என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரசு சிம்லாவில் இருந்து இயங்கியது. அந்த இடைக்காலப் பக்கங்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் அவை திரும்பி வந்தபின் மொத்தமாக எழுதப்பட்டவை. நடந்து போனவர்கள் டவுங்கப் வழியாக அரக்கானுக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக லெடோவுக்கும் போனார்கள். இவர் எந்த வழியில் போனார் என்று தெரிந்தால் மட்டும் அந்த வழியின் பெயரைப் போடுங்கள்.

இன்னொரு தாளையும் தேடுங்கள், குடியுரிமை மனு. 1942 ஜனவரி 1க்கோ 1948 ஜனவரி 4க்கோ முந்தைய பத்து ஆண்டில் எட்டு ஆண்டாவது இங்கே குடியிருந்த, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்தவர் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள பர்மா அரசியல் சட்டம் இடம் கொடுத்தது. மனுவின் நகல் இருந்தால், எந்த ஆண்டுகளில் எங்கே குடியிருந்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்கலாம்.

இனிச் சபை. ரங்கூன் பெத்லகேம் சபை 1878இல் தொடங்கியது. அப்போது ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் காலம். முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டபின் ஸ்வீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், ஆவணம் எங்கே கிடக்கிறது என்பது இதைப் பொறுத்தது. லைப்சிக் மிஷனின் பழைய தாள்கள் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தில் இருக்கின்றன. தாத்தாவின் தகப்பனார் காலத்துச் செய்தி வேண்டுமானால் அங்கே எழுதிக் கேளுங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் துணையும் வேண்டும். பெயரைத் தேடும்போது ஞானம் என்று தொடங்கும் பெயர் ஜி-யிலும் என்-னிலும் வரும், தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறும்.

மினிட்ஸில் "செயலாளர்" என்ற சொல்லை எண்ணிக்கொண்டு போகாதீர்கள். எந்தத் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார், அது அடுத்த கூட்டத்தில் நிறைவேறியதா என்று பாருங்கள். கணக்குப் பக்கங்களையும் நிதானமாகப் படியுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில் பூசணிக்காய், சேவல், வாழைத்தார் என்று வரிசையாக இருக்கும். நேரே எடுத்தவர் பெயர், தொகை, "வரவு" அல்லது "பாக்கி". பாக்கி என்ற இடத்தில் பின்னால் வேறு மையில் ஒரு கோடும் தேதியும் இருந்தால், யாரோ வீடு தேடிப் போய் வசூலித்து வந்து எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து சர்வீஸ் புக் கையெழுத்தோடு ஒத்தால் அது தாத்தா. அலுவலகத்தில் பழகிய கை சபைக் கணக்கில் வேலை செய்ததை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் புத்தகத்தில் போடுங்கள்.

1952 ஜூலையில் ரூபாய் போய்க் கியாட் வந்தது, ஒன்றுக்கு ஒன்று. அணாவும் பையும் பியாவாக மாறின. அந்த ஆண்டுக் கணக்கைக் கூட்டும்போது 16 அணா ஒரு ரூபாய், 100 பியா ஒரு கியாட் என்று தனித்தனியே கூட்டுங்கள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமை. 1966இல் வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. தமிழர் பலரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஓய்வு பெற்ற அவருக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். புத்தகத்தில் அதிக இடம் இந்த ஆண்டுகளுக்கே கொடுங்கள் என்பேன். கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கை எப்படிக் குறைந்தது, சந்தா எவ்வளவு வந்தது, மினிட்ஸ் எந்த மாதமாவது விடுபட்டதா என்று பாருங்கள். விடுபடவில்லை என்றால் அவர் தலைமையைப் பற்றி வேறு சாட்சி தேடவே வேண்டாம்.

பிணக்கை எழுதுங்கள். எதைப் பற்றி, என்ன தீர்மானம், யார் பக்கம் எத்தனை கை, தாத்தா என்ன சொன்னதாகப் பதிவு என்பது வரை போதும். எதிர்த்தவர்களின் பெயரை விட்டுவிடுங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே ஆலயத்தில் உங்களோடு நற்கருணை வாங்குகிறவர்களாக இருப்பார்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டும் அந்த வீட்டில் மூத்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திருத்தம் சொன்னால் மினிட்ஸைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.