வெறும் மேக்ஸ் படித்தால் வாத்தியார் வேலைதானா?

அன்புள்ள ஐயாவுக்கு,

சனிக்கிழமை உங்கள் வீட்டம்மாவும் பாப்பாவும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னைப் பார்த்துவிட்டுப் போன பிறகு, ராத்திரி எட்டரை மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்த களைப்பு குரலிலேயே தெரிந்தது. "சார், வெறும் மேக்ஸ் படிச்சா கடைசியில வாத்தியார் வேலைதானே? கம்ப்யூட்டர் சேர்ந்த மேக்ஸ் ஒண்ணு இருக்காமே, அதுல போட்டா ரெண்டும் வந்துடும்ல?" என்று கேட்டீர்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சனிக்கிழமை நடந்தது. பாப்பா அரையாண்டு மார்க்கை நீட்டினாள், கணிதத்தில் 96. நான் அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். "ஏதாவது ஒரு ஒற்றைப்படை எண்ணை எடுத்து வர்க்கம் கண்டுபிடி, 8 ஆல் வகு, மீதி என்ன?" என்றேன். 3 எடுத்தாள், 9, மீதி 1. ஐந்து எடுத்தாள், 25, மீதி 1. ஏழு, 49, மீதி 1. பதினொன்று வரை போய், "எப்பவும் ஒண்ணுதான் வருது சார்" என்றாள். சரி, எப்போதும் வரும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்து, "நாலு எண்ணுக்கு வந்திருக்கே சார்" என்பார்கள். இவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "எல்லா எண்ணையும் போட்டுப் பார்க்க முடியாதே, அப்போ எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. பத்து நிமிடம் ஆனது, அம்மா வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. ஒற்றைப்படை எண்ணை 2க + 1 என்று எழுதினாள், வர்க்கம் எடுத்தாள், 4க(க + 1) + 1 என்று வந்தது. அங்கே மாட்டிக்கொண்டாள். க, க + 1 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள், அதில் ஒன்று கட்டாயம் இரட்டைப்படை என்று கண்டுபிடித்ததும் தானாகவே சிரித்தாள். நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பிளஸ் டூவில் வாங்குகிற மார்க்கும் கல்லூரிக் கணிதமும் வேறு வேறு. புக் பேக் கணக்கை நாலு முறை போட்டு, ஒன் மார்க்கை மனப்பாடம் பண்ணி சென்டம் வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு செமஸ்டரில் கால்குலஸ், திரிகோணமிதி, முப்பரிமாண ஜியாமெட்ரி வரும்போது அவர்கள் ஜாலியாகத்தான் இருப்பார்கள். அப்புறம் ரியல் அனாலிசிஸ் என்று ஒரு பேப்பர் வரும். எப்சிலான், டெல்டா என்று இரண்டு கிரேக்க எழுத்தை வைத்துக்கொண்டு, இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு போட்ட லிமிட்டுக்கு இப்போது நிரூபணம் கேட்பார்கள். விடை ஏற்கனவே தெரிந்ததுதான், ஏன் என்றுதான் எழுத வேண்டும். சென்டம் வாங்கிய பிள்ளைக்கு அரியர் விழுவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் மகளுக்கு அந்தப் பேப்பர் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன், ஒரு சனிக்கிழமையை வைத்து ஜோசியம் சொல்லக் கூடாது.

இப்போது உங்கள் கம்ப்யூட்டர் கேள்வி.

பி.எஸ்சி. கணிதம் சி.ஏ. என்று போட்டிருப்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். கணித பேப்பர்கள் பெரும்பாலும் இருக்கும், சிலதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சி, ஜாவா, டேட்டாபேஸ் மாதிரி பாடங்களை வைத்திருப்பார்கள். எதை எடுத்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. மெக்கானிக்ஸை எடுத்திருந்தால் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆல்ஜீப்ராவையோ அனாலிசிஸையோ பாதியாக்கியிருந்தால் அந்தப் படிப்பில் கணிதத்துக்காகச் சேரவே வேண்டாம். புரோகிராமிங்கை வெளியில் கற்றுக்கொள்ளலாம். பைத்தான் இலவசம், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். வகுப்புகளும் போனில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆல்ஜீப்ராவில் வருகிற குரூப் தியரியை யூடியூப் பார்த்து மட்டும் கற்றுக்கொண்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசை வந்தால் சாதாரண பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.சி.ஏ. போகலாம். கணிதம் படித்தவர்களுக்கு அங்கே இடம் உண்டு.

இன்னொரு விஷயம், இதில் என் தப்பும் உண்டு. பல வருடத்துக்கு முன் ஒரு பையன் வந்தான். கணிதம் என்ற சொல்லோடு இன்னும் இரண்டு சொல் ஒட்டிய ஒரு பட்டத்தைக் காட்டி, சேரலாமா என்று கேட்டான். "பேர்ல என்னப்பா இருக்கு, சேரு" என்றேன். படித்தான், பி.எட். முடித்தான், ஆசிரியர் தேர்விலும் மார்க் வாங்கினான். சான்றிதழ் சரிபார்ப்பில், இந்தப் பட்டம் பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை எங்கே என்று கேட்டுவிட்டார்கள். கல்லூரிக்கும் சென்னைக்குமாக எட்டு மாதம் அலைந்தான். எந்தப் பட்டம் எதற்கு இணை என்று உயர்கல்வித் துறை அவ்வப்போது அரசாணை போடுகிறது, ஆனால் நம் பட்டத்தின் பெயர் அதில் அச்சு மாறாமல் இருக்க வேண்டும். அன்றிலிருந்து பட்டத்தின் முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படிக்காமல் யாருக்கும் சரி சொல்வதில்லை. நீங்களும் கல்லூரி அலுவலகத்தில் இணைத்தன்மை அரசாணை எண்ணைக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட ஆறு செமஸ்டருக்கான பேப்பர் பட்டியலை வாங்கிப் பாருங்கள். நம் பக்கத்தில் பார்ட் ஒன்று தமிழ், பார்ட் இரண்டு ஆங்கிலம், மேஜர் என்கிற முதன்மைப் பாடமும் அல்லைடு என்கிற துணைப் பாடமும் பார்ட் மூன்று என்று போட்டிருக்கும். அந்தப் பார்ட் மூன்றில்தான் விஷயம். பேப்பர்கள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும். கால்குலஸ் தெரியாமல் வகைக்கெழுச் சமன்பாடு கிடையாது, ரியல் அனாலிசிஸ் அரைகுறையாக இருந்தால் காம்ப்ளக்ஸ் அனாலிசிஸில் கை நடுங்கும், குரூப் புரியாமல் ரிங் புரியாது. அதனால் முதல் வருட அரியரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுக்கிற பழக்கம் மட்டும் இந்தப் படிப்பில் ஆகாது. லீனியர் ஆல்ஜீப்ராவுக்கு முழு பேப்பர் இருக்கிறதா, அனாலிசிஸுக்கு இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுதினால் அனாலிசிஸ், கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடு, லீனியர் ஆல்ஜீப்ரா, குரூப், இவற்றிலிருந்துதான் 60 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம்.

அல்லைடை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். சில கல்லூரியில் இயற்பியல் வைத்திருப்பார்கள், சிலதில் புள்ளியியல், சிலதில் ஒரு வருடம் அது, ஒரு வருடம் இது. பாப்பாவுக்கு லேப் பிடிக்காது என்று அம்மா சொன்னார்கள், நான் அதற்காகச் சொல்லவில்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஐ.ஏ.எஸ். அளவுக்கு ஊரில் பேச்சு அடிபடாத மத்திய அரசு அதிகாரி வேலை அது. 'வாத்தியார் வேலைதானே' என்ற உங்கள் கேள்விக்கு இது ஒரு பதில். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஆயுளையும் ஆபத்தையும் கணக்குப் போட்டுத் தருகிற ஆக்சுவரி தொழிலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் தேர்வுகள் எழுத வேண்டும், பொறுமைசாலிக்கு மட்டும்.

புள்ளியியலையே மேஜராக எடுத்தால் என்ன என்றும் யோசிக்கலாம். கணிதத்துக்குத் தம்பி மாதிரி என்று இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. சென்னையில் பிறந்து 2007 இல் கணிதத்துக்கான ஏபல் பரிசு வாங்கிய எஸ்.ஆர். சீனிவாச வரதன் பிரெசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கியது புள்ளியியலில். நம் மாவட்டத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனித் துறை இருக்கிறது. ஆனால் பாப்பா அன்று எண்களோடு விளையாடியதைப் பார்த்தால் அவளுக்குக் கணிதமே மேஜராக இருக்கட்டும், புள்ளியியல் அல்லைடாக வரட்டும் என்பது என் எண்ணம்.

எங்கே சேர்ப்பது? தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரி வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது, செலவு மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்கள், அப்படியானால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்குக்கு வரும். அங்கே மூன்று வருடம் பி.எஸ்சி., பிறகு இரண்டு வருடம் எம்.எஸ்சி. புதுச்சேரியில் தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி பற்றி உங்கள் மைத்துனர் சொன்னாராம். நல்ல கல்லூரிகள்தான், ஆனால் அந்த இடங்கள் புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகப் போகும், புதுச்சேரி குடியிருப்பு உள்ளவர்களுக்குத்தான் முன்னுரிமை. பாலத்தைத் தாண்டினால் வேறு அரசாங்கம் என்பது அட்மிஷன் சமயத்தில்தான் நமக்கு ஞாபகம் வரும்.

காலாப்பட்டில் இருக்கிற புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. அங்கே நாடு முழுவதுக்குமான பொது நுழைவுத் தேர்வான கியூட் மார்க்தான் கணக்கு, எந்த மாநிலத்துப் பிள்ளையும் போட்டியிடலாம். புதுச்சேரிப் பக்கம் புதிய கல்விக் கொள்கைப்படி நான்கு வருடப் படிப்புக்கு மாறிவிட்டார்கள். மூன்று வருடம், 120 கிரெடிட்டோடு (பாடங்களின் அளவுக்குத் தருகிற புள்ளி) பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நான்காவது வருடமும் இருந்து 160 கிரெடிட் முடித்தால் ஹானர்ஸ், அதாவது சிறப்புப் பட்டம். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் இருந்தால் அந்த நான்காவது வருடத்தை ஆராய்ச்சியோடு படிக்கலாம், அதற்குப் பிறகு எம்.எஸ்சி. ஒரே வருடம். மூன்றும் இரண்டும் ஐந்து, நான்கும் ஒன்றும் ஐந்து. ஆக, வருடக் கணக்கில் கடலூரும் புதுச்சேரியும் ஒன்றுதான். கடலூரிலிருந்து காலாப்பட்டுக்கு இரண்டு பஸ் மாறி தினமும் போய்வருவது மட்டும் நடக்கிற காரியம் இல்லை, ஹாஸ்டல் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

இதெல்லாம் போக, நீங்கள் கேள்விப்பட்டிராத இரண்டு இடங்கள். சென்னை சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனம், சி.எம்.ஐ. கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் அங்கே இருக்கிறது. நீங்கள் கேட்ட 'ரெண்டும் வந்துடும்ல' என்பதற்கு உண்மையான விடை அதுதான். இன்னொன்று, பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கணிதப் பட்டப்படிப்பான பி.மேத். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, வழக்கமாக மே மாதத்தில். அங்கே கேள்வித்தாள் சனிக்கிழமை நான் கேட்டது மாதிரிதான் இருக்கும், இன்னும் பல மடங்கு கடினமாக. பிளஸ் டூ மார்க் அங்கே பெரிதாக எடுபடாது, கோச்சிங் சென்டர் நோட்ஸும் எடுபடாது. கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் எழுதட்டும். சி.எம்.ஐ. கட்டணத்தைப் பார்த்து மிரள வேண்டாம், வசதி குறைந்தவர்கள் சலுகை கேட்க வழி இருக்கிறது. இப்போது ஜனவரி. கியூட், சி.எம்.ஐ., பி.மேத். மூன்றுக்கும் விண்ணப்பம் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். மே மாதம் மார்க் ஷீட்டோடு என்னிடம் ஓடிவருகிற பெற்றோருக்கு நான் வருடாவருடம் கையை விரிப்பது இதனால்தான்.

வாத்தியார் வேலைக்கு வருகிறேன். அதை ஏன் இவ்வளவு இளக்காரமாகக் கேட்டீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான், நானும் சாக்பீஸ் பிடித்தவன். ஆனால் உங்கள் பயம் நியாயமானது. பி.எஸ்சி.யோடு இரண்டு வருடம் பி.எட்., பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்குப் பிறகும் அரசுப் பணி எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல முடியாது. மேல்நிலைக்குப் போக எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும். கல்லூரிக்கு எம்.எஸ்சி.யோடு நெட் அல்லது செட் என்கிற தகுதித் தேர்வு, இல்லையென்றால் பிஎச்.டி. மூன்று வருடப் பட்டத்தோடு நிறுத்திவிட்டால் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது, இதை உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் படிக்கவைக்க முடியும் என்றால் மட்டும் கணிதத்தில் சேருங்கள். அதற்குள் கல்யாணப் பேச்சு எழும் என்று அம்மா மெதுவாகச் சொன்னார்கள். அதை வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், மூன்றாம் வருடம் ஐந்தாவது செமஸ்டரில் அல்ல.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவு என்றால் மூன்று பேருமாக வாருங்கள், கியூட் விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து பூர்த்தி செய்துவிடலாம். போட்டோ, ஆதார், சாதிச் சான்றிதழ் வேண்டும். பாப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 3 ஐ விடப் பெரிய எந்தப் பகா எண்ணை எடுத்து வர்க்கம் கண்டாலும், 24 ஆல் வகுத்தால் மீதி 1 தான். 5 க்கு 25, 7 க்கு 49, 11 க்கு 121. ஏன் என்று கேட்டேன் என்று சொல்லுங்கள். பாதி வேலையைச் சனிக்கிழமையே முடித்துவிட்டாள், மீதிப் பாதியை எழுதிக்கொண்டு வரட்டும்.