வேம்பநாட்டு ஏரிக்கரை ஹோட்டல் குடும்பத்தின் கதை பாண்டியில் உள்ள பழைய வீட்டுக்கு ஒத்துவருமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாண்டி தமிழர் பகுதியில் தாத்தா காலத்து வீடு, அண்ணன் தம்பி நாலு பேருக்குப் பங்கு, இடிக்க மனசு வரவில்லை, ஹோட்டலாக்கலாமா என்று யோசனை. கேரளத்தில் ஒரு குடும்பம் ஏரிக்கரையில் பழைய வீடுகளை வைத்தே பெரிய குழுமமாக வளர்ந்ததாமே, அந்தக் கதை என்ன, நமக்குப் பயன்படுமா?

நீங்கள் கேட்பது கொச்சியின் சிஜிஎச் எர்த் குழுமத்தைப் பற்றி. நான் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன், அதனால் என் பேச்சு வரவு செலவைவிட மரம், சுண்ணாம்பு பக்கமாகத்தான் சாயும்.

ஆரம்பம் ஏரிக்கரையில் இல்லை, பழைய வீட்டிலும் இல்லை. 1957-இல் டொமினிக் ஜோசப் என்பவர் கொச்சி வில்லிங்டன் தீவில் கேசினோ ஹோட்டலைத் தொடங்கினார். (பெயரைப் பார்த்துச் சூதாட்டம் என்று நினைக்க வேண்டாம், சாப்பாடும் அறையும்தான்.) அந்தத் தீவே ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகம் அமைத்தபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. துறைமுகம் அங்கே, ரயில் முனையம் அங்கே, 1999-இல் நெடும்பாசேரி திறக்கும்வரை விமான நிலையமும் அங்கேதான். கப்பலோ ரயிலோ விமானமோ, எதில் வந்தாலும் இறங்குகிற இடத்திலேயே ஹோட்டலைப் போட்டது நல்ல வியாபார புத்தி. அப்புறம் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்துக் கொடுக்கும் தொழிலும் சேர்ந்துகொண்டது. ஆக, இன்று இணையத்தில் நாம் பார்க்கிற ஓலைக்கூரைப் படங்களுக்கெல்லாம் முன்னால் முப்பது வருஷ நகர ஹோட்டல் அனுபவம் இருக்கிறது. பழைய வீட்டை நம்பி முதல் தொழிலாக ஹோட்டலில் இறங்குபவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

திருப்பம் இரண்டாம் தலைமுறையில் வந்தது. மகன்கள் தொழிலுக்கு வந்தார்கள், அவர்களில் ஜோஸ் டொமினிக் கணக்குத் தணிக்கை படித்தவர். 1988-இல் லட்சத்தீவின் பங்காரம் தீவில் விடுதி நடத்தத் தொடங்கினார்கள். டிவி கிடையாது, ஏசி கிடையாது. நட்சத்திர ஹோட்டல் என்றாலே இதெல்லாம் இருந்தாக வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், எதுவுமில்லாத ஒரு தீவுக்குக் காசு கொடுத்து ஆள் வந்தது. கணக்குப் படித்தவருக்கு அது புரியாமல் இருக்குமா? அடுத்து தேக்கடியில் மலைவாழ் மக்களின் குடிசை அமைப்பைப் பார்த்து, யானைப்புல் வேய்ந்த குடில்களோடு ஸ்பைஸ் வில்லேஜ் வந்தது.

இனி நீங்கள் கேட்ட ஏரிக்கரை. 90களின் தொடக்கத்தில் குமரகத்தில், காவணாறு வேம்பநாட்டு ஏரியில் சேரும் இடத்தில், கோகனட் லகூன் கட்டினார்கள். 'கட்டினார்கள்' என்பதுகூடச் சரியில்லை, பல ஊர்களில் இருந்த பழைய தறவாட்டு வீடுகளை, அதாவது கூட்டுக்குடும்பங்களின் பூர்வீக வீடுகளை, வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே பூட்டினார்கள். அத்தனை வீடுகள் விலைக்கு எப்படிக் கிடைத்தன என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. கேரளா கூட்டுக்குடும்பச் சொத்து முறையை 1975-இல் சட்டம் போட்டு ஒழித்தது, அது 1976 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஏற்கனவே ஆட்டம் கண்டிருந்த பெரிய வீடுகள் பாகம் பிரிந்தன. அதே சமயத்தில் வளைகுடாப் பணமும் வந்து சேர்ந்தது, எல்லோரும் கான்கிரீட் வீட்டுக்கு ஆசைப்பட்டார்கள். ஐந்து பேருக்குப் பங்குள்ள நாலுகெட்டை (நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடு) யார் பராமரிப்பது, யார் ஓடு மாற்றுவது? மரத்தின் விலைக்குப் போட்டுவிட்டால் பாகம் பிரிப்பதும் சுலபம். இந்தச் சங்கடம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டுமானமும் அதற்கு இடம் கொடுத்தது. கேரளத்துப் பழைய மர வீடு என்பது பெரும்பாலும் பொருத்து மூட்டுகளால் ஆனது. தூண், உத்தரம், கூரையின் சாய்வு மரமான கழுக்கோல், பலகைச் சுவர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சொருகி மர ஆப்பு அடித்து நிற்கும், ஆணியின் தயவு அதிகம் வேண்டாம். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டுக் கழற்றினால், தச்சு முறை தெரிந்த ஆசாரி வேறு ஊரில் அதே வரிசையில் திரும்ப நிறுத்திவிடுவார். கூடத்தையும் அறையையும் இப்படி அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். குளியலறையை மட்டும் வீட்டுக்கு வெளியே ஒட்டினாற்போல், மேலே வானம் தெரியும்படி வைத்தார்கள். பார்க்கிறவர்கள் இதை ஏதோ அழகுக்காகச் செய்ததாக நினைப்பார்கள். எனக்கு அதில் தெரிவது, நூறு வருஷ மரத்தின் மேல் தினமும் வெந்நீர் ஆவியும் சோப்புத் தண்ணீரும் படாமல் தள்ளி வைத்த புத்திசாலித்தனம்.

விடுதிக்குள் விருந்தாளிகள் போவது படகில். புல்லை மேய்வது வெச்சூர் மாடுகள். மூன்றடி உயரம்கூட எட்டாத அந்தக் குட்டை மாடு ஏரிக்குக் கிழக்கே உள்ள வெச்சூர் கிராமத்தின் இனம், 80களில் அழியும் நிலைக்குப் போய்விட்டது. மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப் தன் மாணவர்களோடு வீடு வீடாகத் தேடி, 1989-இல் தொடங்கி மீட்டெடுத்தார். 2022-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. புல் வெட்டும் இயந்திரத்தை விட்டுவிட்டு இந்த மாட்டைக் கொண்டுவந்து மேயவிட்டதில் விளம்பரம் இல்லாமல் இல்லை, ஆனால் அது வெறும் விளம்பரமும் இல்லை.

வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோவது சரியா என்று கேட்டால் எனக்கு இரண்டு மனம்தான். ஊரை விட்டு, கிணற்றை விட்டு, வாசலில் இருந்த மாமரத்தை விட்டு வந்த வீடு பாதி வீடுதான். இருந்தாலும் அந்த வீடுகளில் பலவற்றுக்கு அன்று இருந்த மற்ற வழி மரக்கடை.

ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. வேம்பநாட்டு ஏரி 2002-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, ஆனால் அதன் உடம்பு நன்றாக இல்லை. குட்டநாட்டு நெல்லுக்காக உப்புத் தண்ணீரைத் தடுக்க 70களில் போட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை சில மாதம் மூடியிருக்கும்போது தெற்குப் பகுதியில் தண்ணீர் தேங்கி ஆகாயத்தாமரை மண்டுகிறது, போதாததற்கு படகு வீடுகளின் கழிவும் எண்ணெயும். ஏரியைக் காட்டிப் பிழைக்கிற ஹோட்டல் எதுவானாலும், அதன் எதிர்காலம் தன் மதில் சுவருக்கு வெளியேதான் இருக்கிறது. நம் ஊசுடு ஏரிக்கரையில் விடுதி போட ஆசைப்படுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு என்று இரண்டு அரசாங்கத்துக்குள் கிடக்கும் ஏரி அது, நம் பக்கம் 2008-லேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது.

சரி, பாண்டிக்கு வருவோம். இதே குழுமம் இங்கேயும் இருக்கிறது: பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாள், புஸ்ஸி வீதியில் பலே த மஹே. இரண்டும் ஒரே மாதிரி வேலை என்று நினைக்காதீர்கள். முதலாவது நிஜமான பழைய தமிழ் வீடு, இருந்த இடத்திலேயே சீர்படுத்தியது. இரண்டாவது, பிரெஞ்சுப் பாணியில் புதிதாக எழுப்பியது. குமரகத்து வித்தை இங்கே பலிக்காது, ஏனென்றால் நம் வீடு கழற்றிப் பூட்டுகிற சாமான் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரே உடம்பாக இறுகியது அது. மாடித் தளம் மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கியது. பிரித்தால் தூண்களும் கதவுகளும் மட்டும்தான் மிஞ்சும், மீதி இடிபாடு. ஆகவே இங்கே வீடு நகராது, ஹோட்டல்தான் வீட்டுக்குத் தகுந்தபடி வளைந்துகொடுக்க வேண்டும். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு தகப்பனார் தன் மகளுக்காகக் கட்டிய வீட்டை இதே குழுமம் விசாலம் என்ற பெயரில் நடத்துகிறதே, அதுவும் இந்த வழிதான்.

மேசோன் பெருமாளில் பத்து அறைதான். அவ்வளவு பெரிய வீட்டில் ஏன் பத்து? திண்ணையும் இரண்டு முற்றமும் தாழ்வாரமும் தின்னும் இடம் அப்படி. முற்றத்துக்குக் கூரை போட்டு இன்னும் நாலு அறை எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர் இருக்கிறார், அப்படிச் செய்த வீடுகளும் இந்த ஊரில் உண்டு. காற்றும் வெளிச்சமும் செத்துப்போய், கடைசியில் மற்ற லாட்ஜுகளோடு வாடகையில் போட்டி போடும் நிலைக்கு அவை வந்துவிடும். அறை குறைவு, எனவே வாடகை அதிகம். நம் ஊர்க்காரர் அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம், தங்குவது கஷ்டம்தான். இந்தத் தொழிலில் அது இருக்கத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்குச் செலவு எங்கே போகும் என்று சொல்கிறேன். முகப்பில் இல்லை. வைசியாள் வீதியில் முகப்புகளைச் சீர்செய்ததைப் பார்த்தவர்கள் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். செலவை விழுங்குவது குளியலறை. மாடியில் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று என்று வைத்தால், தண்ணீர் எங்காவது ஓரிடத்தில் கசிந்து கட்டையின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகும், வெளியே தெரியும்போது கட்டை போயிருக்கும். முடிந்தால் குளியலறைகளைப் பின்கட்டில் தனியாக எழுப்பி அறைகளோடு இணையுங்கள். கீழ்த்தளத்தில் பழைய சுவருக்கு சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். கடல் பக்கத்து ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு உப்பு பொரிந்து பூச்சு உதிரும். சுண்ணாம்புப் பூச்சுக்குக் கூலியும் நாளும் அதிகம், அதை மெருகேற்றத் தெரிந்த மேஸ்திரிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் ஆளை உறுதி செய்துகொண்டு தேதி குறியுங்கள்.

அப்புறம், அண்ணன் தம்பி விஷயம். டொமினிக் குடும்பத்தில் சகோதரர்கள் சேர்ந்து நடத்தினார்கள் என்று படித்துவிட்டு நாமும் அப்படியே என்று கிளம்பாதீர்கள். அவர்கள் சேர்ந்து வைத்திருந்தது ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழிலை, நீங்கள் நாலு பேர் சேர்ந்து வைத்திருப்பது ஒரு சொத்தை. சொத்து என்றால் ஆளுக்கு ஒரு விலை சொல்வார்கள், ஒருவர் பெண் கல்யாணத்துக்கு விற்கலாம் என்பார், ஒருவர் பிரான்சிலிருந்து போனில் தடுப்பார். வீட்டைப் பிரிக்காமல், நாலு பேர் பெயரிலும் ஒரு நிறுவனம் தொடங்கி, வீட்டை அதற்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது ஒரு வழி. வாடகை எல்லோருக்கும் சமமாகப் போகும், நடத்துகிறவருக்குத் தனியாகச் சம்பளம். இல்லை, நடத்த ஆளே இல்லையென்றால் நல்ல ஹோட்டல்காரரிடம் குத்தகைக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. எதுவானாலும் பட்டா, வாரிசுச் சான்று, நாலு கையெழுத்து, இந்த மூன்றும் கையில் வந்த பிறகு ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு மாடிக் கட்டைகளின் முனைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடமும் வங்கிக் கடனும் அதற்கு அப்புறம்தான்.