பதில்: ஓப்பன்ஸ்டாக்ஸையும் விக்கிப்பீடியாவையும் கலந்து ஒரே பாடநூலாக்கலாமா?

ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் தளத்தின் கால்குலஸ் (நுண்கணிதம்) பாடத்தையும் விக்கிப்பீடியா பகுதிகளையும் கலந்து முதலாண்டு மாணவர்களுக்கு ஒரே நூலாக வெளியிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இலவசம்தான். ஆனால் பத்திக்குப் பத்தி கலந்து வெளியிட முடியாது.

ஓப்பன்ஸ்டாக்ஸின் பல நூல்கள் சிசி பை உரிமத்தில் வருகின்றன; அதாவது, மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். கால்குலஸ் அப்படியல்ல, சிசி பை-என்சி-எஸ்ஏ. விக்கிப்பீடியா உரையோ சிசி பை-எஸ்ஏ. அந்த ‘எஸ்ஏ’தான் வில்லங்கம். மாற்றி எழுதினால் என் உரிமத்திலேயே வெளியிடு என்று இரண்டுமே சொல்கின்றன. கால்குலஸின் உரிமம் ‘என்சி’ மூலம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது, விக்கிப்பீடியாவின் உரிமம் தடுக்கக் கூடாது என்கிறது. எதற்குக் கட்டுப்படுவீர்கள்?

கலக்காமல் அடுத்தடுத்து வையுங்கள். அத்தியாயம் முழுக்க ஓப்பன்ஸ்டாக்ஸ், பின்னிணைப்பு விக்கிப்பீடியா என்று பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தலைப்பு, ஆசிரியர், இணைப்பு, உரிமம், நீங்கள் செய்த மாற்றம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அப்போது அது வெறும் தொகுப்பு. அததற்கு அதனதன் உரிமம். என்சி இருப்பதால் லாபத்துக்கு விற்க மட்டும் நினைக்காதீர்கள்.

அப்புறம், படங்களைத் தனியாகப் பாருங்கள். கட்டுரைக்கு உள்ள உரிமமே அதிலுள்ள படத்துக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. படத்தைச் சொடுக்கினால் அதன் பக்கத்தில் விவரம் இருக்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வேறு எங்கிருந்தாவது எடுப்பதில் ‘என்டி’ (மாற்றியதை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை) இருந்தால், மொழிபெயர்த்து வெளியிடவும் அனுமதி இல்லை.