‘எம்ஆர்பி தாண்டலையே’ என்று கடையில் சொன்னால் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: ஐயா, மாதச் சாமான் எல்லாம் வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்குகிறோம். போன ஞாயிறு 4,862 ரூபாய் பில். வீட்டுக்கு வந்து பார்த்தால், அலமாரியில் 349 என்று போட்டிருந்த ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு 385 வாங்கியிருக்கிறார்கள். 45 ரூபாய் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட்தான் எடுத்தேன், இரண்டு என்று இருக்கிறது. மறுநாள் போய்க் கேட்டதற்கு, “எண்ணெய் எம்ஆர்பி 410 மேடம், அதுக்குள்ளதானே போட்டிருக்கோம். மிட்டாயெல்லாம் கவுண்டரை விட்டுப் போறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும்” என்கிறார்கள். 81 ரூபாய்க்கு அலையாதே என்கிறார் கணவர். பில்லைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நான் கேட்டது தப்பா? இனி பில்லை எப்படிப் பார்த்து வாங்குவது? – வாசகி, திருச்சி.

பதில்: தப்பே இல்லை அம்மா. எனக்குச் சந்தேகம் எல்லாம் அந்த 81 மேல்தான். படத்தில் மேலிருந்து பதினோராவது வரியைப் பாருங்கள். ‘ஆனியன் எஸ்எம்எல்’, 2.040 கிலோ, விலை 68, தொகை 138.72. எஸ்எம்எல் என்பது ஸ்மால், அதாவது சின்ன வெங்காயம். இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை உட்கார்ந்து உரிக்க உங்கள் வீட்டில் ஆள் இருந்தால் சரி, இதோடு விட்டுவிடுவோம். எடுத்தது பெரிய வெங்காயம் என்றால், எடை போட்டவர் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டார். அன்று பெரிய வெங்காயம் கிலோ 34 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் மட்டும் 69 ரூபாய் போயிருக்கிறது. மிட்டாயைக் கண்டுபிடித்த உங்கள் கண்ணுக்கு வெங்காயம் தப்பியதற்குக் காரணம், பில்லில் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் வெட்டிச் சுருக்கி இருப்பதுதான். தமிழ்நாட்டில் தமிழ் தெரிந்தவர்களுக்குச் சாமான் விற்கிறார்கள், பில்லை மட்டும் ஏன் புதிர்போலத் தருகிறார்கள் என்று எனக்கு இத்தனை வருடமாகப் புரியவில்லை. கடைகளில் பில்லிங் கணக்குத் தணிக்கை செய்வதுதான் என் தொழில். எனக்கே சில வரிகள் புரியாது.

இனி உங்கள் முதல் கேள்வி. எம்ஆர்பி என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் பொருள். அதற்குக் கீழே எந்த விலையையும் சொல்லாமல் கொள்ளாமல் போடலாம் என்று யாரும் அனுமதி கொடுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எந்தெந்தக் காரணத்துக்குப் புகார் கொடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில் நான்கு விலைகளைத் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது: சட்டம் நிர்ணயித்த விலை, பொருளின் மேலோ பாக்கெட்டின் மேலோ காட்டிய விலை, கடையில் வைத்த விலைப்பட்டியலில் உள்ள விலை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை. இந்த நான்கில் எதைத் தாண்டி வாங்கினாலும் புகாருக்கு இடம் உண்டு. அலமாரியில் 349 என்று சீட்டு மாட்டிவிட்டு 385 வாங்குவது அதில் வரும். “எம்ஆர்பிக்குள்ளதானே” என்பது கவுண்டரில் நிற்கும் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த பதில். அவனைக் கோபித்துப் பயனில்லை.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிச் சோதனை முடிந்த மாதிரி. பாக்கெட்டில் இருக்கும் கோடுகளில், அதாவது பார்கோடில், விலை கிடையாது. இது இன்ன நிறுவனத்தின் இன்ன சரக்கு என்கிற எண் மட்டும்தான் அதில் இருக்கும். நம் ஊர் நிறுவனங்கள் வாங்கும் எண் 890 என்று தொடங்கும். விலை இருப்பது கடையின் கணினியில். கணினியில் சலுகை முடிகிற தேதியைப் போட்டு வைத்தால் நள்ளிரவில் தானாக முடிந்துவிடும். அலமாரியில் உள்ள சீட்டை ஒரு ஆள் நடந்து போய்க் கழற்ற வேண்டும். அந்த ஆள் அன்றைக்கு லீவு, அல்லது சரக்கு இறக்கப் போய்விட்டார். உங்கள் எண்ணெய்க்கு நடந்தது அநேகமாக இதுதான். சீட்டின் கீழ்மூலையில் பொடி எழுத்தில் தேதி இருந்ததா என்று பாருங்கள். தேதி போட்டு அது தாண்டியிருந்தால் கடைக்காரருக்கு ஒரு வாதம் கிடைக்கும். தாண்டிய சீட்டைத் தொங்கவிட்டது யார் என்று நீங்களும் திருப்பிக் கேட்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கும். பலர் அங்கேதான் சண்டை போட்டு மூக்குடைபடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே சோப்பு, ஒரே எடை, ஒரே பார்கோடு. ஆனால் முந்தைய சரக்கில் ஒரு எம்ஆர்பி, அடுத்து வந்த சரக்கில் வேறு எம்ஆர்பி. இரண்டும் ஒரே அலமாரியில் முன்னும் பின்னுமாக நிற்கும். சீட்டு முன்னால் இருப்பதற்கு உரியது, நீங்கள் கையை உள்ளே விட்டுத் தேதி புதிதாகப் பார்த்துப் பின்னால் இருப்பதை எடுப்பீர்கள் (நானும் அப்படித்தான் எடுப்பேன்). அப்போது பில்லில் கூடுதலாக வந்தால் அது ஏமாற்று இல்லை. நீங்கள் எடுத்த பாக்கெட்டில் அச்சிட்ட விலைதான் அந்தப் பாக்கெட்டின் வரம்பு. சண்டைக்குப் போகும் முன் கையில் உள்ள பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

அதே சங்கதி உங்களுக்கு எதிராகவும் திரும்பும். இரண்டு எம்ஆர்பி இருக்கும் பொருளை ஸ்கேன் செய்தால், பல கடைகளின் திரையில் ஒரு சின்னப் பட்டியல் விழும்: 105, 118 என்று. பாக்கெட்டைப் பார்த்து அதில் ஒன்றைப் பில் போடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசையில் பதினைந்து பேர் நிற்கும்போது யார் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? மேலே எது இருக்கிறதோ அதில் ஒரு தட்டு. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நெய், வெண்ணெய்க்கு 12-லிருந்து 5. வரியோடு 118 விற்ற பொருள், வரி சேர்க்காத விலை மாறாவிட்டால் 105-க்கு வர வேண்டும். இப்படி வரி மாறுகிற காலத்தில்தான் ஒரே பொருளுக்கு இரண்டு விலை சகஜமாகிறது. ஆகவே பாக்கெட்டில் குறைந்த எம்ஆர்பி, பில்லில் கூடிய எம்ஆர்பி என்றால், அது வரம்பு மீறல். வாதமே தேவையில்லை, பாக்கெட்டும் பில்லும் போதும்.

சரி, எப்படிப் பார்ப்பது? முழுப் பில்லையும் பார்க்க வேண்டாம், யாராலும் முடியாது. சலுகை என்று நம்பி எடுத்த நாலைந்து பொருளின் சீட்டை மட்டும் அங்கேயே போனில் படம் எடுங்கள். பொருளும் சீட்டும் ஒரே படத்தில் வரட்டும். கவுண்டரில் அவற்றைக் கடைசியாக ஒன்றாக வையுங்கள். உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் சின்னத் திரையில் விலை ஓடும்போது அந்த நாலைந்தை மட்டும் கவனித்தால் போதும். காய்கறியை எடை போட்டு ஒட்டும் சீட்டைத் தராசு பக்கத்திலேயே படியுங்கள், பெயரும் கிலோ விலையும் சரியா என்று. பணம் கொடுக்கும் முன் எண்ணிக்கைப் பத்தியில் ஒரு பார்வை: 2, 3 என்று இருக்கும் வரிகள் மட்டும். உங்கள் மிட்டாய் அங்கேயே சிக்கியிருக்கும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றால் இரண்டாவது வரியின் தொகை பூஜ்யமா என்று பாருங்கள். பைக்குப் பணம் போட்டிருக்கிறார்களா என்பதும் கடைசி வரிகளில்தான் இருக்கும். பில்லை வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்துவிடுங்கள், அந்த வெப்பத்தாள் பீரோவுக்குள் இருந்தே வெளுத்துவிடும்.

பில்லின் அடியில் ‘இன்று நீங்கள் சேமித்தது 612 ரூபாய்’ என்று பெரிய எழுத்தில் வருகிறதே, அதைக் கிழித்துப் போடுங்கள். எம்ஆர்பிக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிப் போடுகிறார்கள், வேறொன்றும் இல்லை. 349-க்கு வர வேண்டிய எண்ணெயை 385-க்குக் கொடுத்துவிட்டு, அதிலும் 25 ரூபாய் நீங்கள் சேமித்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறது உங்கள் பில். பெரும்பாலோர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சந்தோஷமாக மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. பணத்தைத் திரும்பக் கேட்க, கடையின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். இதை நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேடினால் மேலே வரும் எண்களில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவையும் உண்டு. பேசுபவர் உங்களைவிட மரியாதையாகப் பேசுவார், பில் எண் கேட்பார், தொகை கேட்பார், அப்புறம் “ரீஃபண்ட் அனுப்பியிருக்கிறேன் மேடம், பின் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்” என்பார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் போகிறது என்று பொருள். க்யூஆர் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னாலும் அதுவே, போனில் ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலும் அதுவே. 81 ரூபாய் கேட்கப் போய் 40,000 இழந்தவரை எனக்குத் தெரியும், என் சொந்தக்காரர்தான். பில்லின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் எண் மட்டும்தான் எண். மாட்டிக்கொண்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், அது சைபர் மோசடிக்கான உதவி எண்.

இரண்டாவது கூட்டம், ‘நஷ்ட ஈடு வாங்கித் தருகிறேன்’ என்று வருபவர்கள். நோட்டீசுக்கு 2,000 கொடுங்கள், கடையிடமிருந்து 50,000 வாங்கலாம், பாதிக்குப் பாதி என்பார்கள். வாங்கித் தருவதில்லை. உங்கள் பில்லைக் காட்டிக் கடையை மிரட்டி, அவர்களுக்குள் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், உங்கள் ஊரிலேயே போடலாம், இரண்டு ஆண்டு வரை நேரமும் இருக்கிறது. இடையில் எவனுக்கும் வேலை இல்லை. ‘கவுண்டரை விட்டுப் போனால் பொறுப்பல்ல’ என்ற பலகை அந்த இரண்டு ஆண்டைச் சுருக்கிவிடாது.

ஆனால் 150 ரூபாய்க்கு ஆணையத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். அங்கே வாய்தா வாங்கி முடிப்பதற்குள் எண்ணெய் விலை இரண்டு முறை ஏறிவிடும். வெளியே உங்களுக்கு இரண்டு வாசல். பாக்கெட்டில் உள்ள எம்ஆர்பியைத் தாண்டி வாங்கினால், தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறையில் இருக்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவு. தொழிலாளர் துறைக்கும் எண்ணெய் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று மக்களுக்குத் தோன்றுவதால் பாதிப் புகார் வேறு அலுவலகத்துக்குப் போய்த் திரும்புகிறது. ஆய்வாளர் தராசு முத்திரையைப் பார்ப்பார், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். பாக்கெட் விவரங்களைப் பார்ப்பார். அபராதம் போட்டால் அது அரசுக் கருவூலத்துக்குப் போகும், உங்கள் 36 ரூபாய் அதில் வராது. உங்களுடையதுபோல அலமாரிச் சீட்டு ஒன்று, பில் ஒன்று என்றால் அது நுகர்வோர் புகார், தேசிய உதவி எண் 1915. தராசுக்கு முத்திரை குத்துகிறோம். தராசைவிட அதிகப் பணத்தை எண்ணும் கணினிக்கு முத்திரை கிடையாது. கனடாவில் பல சங்கிலிக் கடைகள் தாங்களே முன்வந்து ஒரு விதி வைத்திருக்கின்றன: ஸ்கேன் விலை சீட்டு விலையைவிடக் கூடினால், குறிப்பிட்ட தொகை வரை அந்தப் பொருளே இலவசம். இங்கே அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் மறுநாளே எல்லாச் சீட்டும் சரியாகிவிடும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: கடைக்குப் போய், அந்த 349 சீட்டு இன்னும் தொங்கினால் படம் எடுங்கள். மேலாளரிடம் வாயால் சொல்லாமல் ஒரு தாளில் பில் எண், தேதி, மூன்று வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மிட்டாய்க்கு, அன்றைய இருப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று எடுத்ததற்கு இரண்டு பில் ஆகியிருந்தால், கணினிக் கணக்கைவிட அலமாரியில் ஒரு பாக்கெட் கூடுதலாக இருக்க வேண்டும். கவுண்டருக்கு மேலே கேமராவும் இருக்கும். வெங்காயம் இதற்குள் பாதி சாம்பாரில் போயிருக்கும். அதைப் போட்டுத் தந்த கவர் இன்னும் சமையலறையில் கிடந்தால் அதில் ஒட்டிய எடைச் சீட்டைக் கிழிக்காமல், மீதி இருக்கும் பெரிய வெங்காயத்தோடு அப்படியே எடுத்துப் போங்கள்.